சிந்துஜாவும் சாயங்காலப் பாலும்

சிந்துஜா வாயைத் திறந்தால் ஒரு கூடமே அடங்கிவிடும். புதுச்சேரி நகரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுவது அவள் வேலை. "பதினெட்டு வாங்க. பதினெட்டு மட்டும். பதினெட்டோட மச்சான், மாமியார்லாம் உக்காருங்க" என்பாள். உட்கார்ந்துவிடுவார்கள். சொத்தைப் பல்லோடு போன என்னையும் அப்படித்தான் உட்கார வைத்தாள். பல் போய்விட்டது, கல்யாணம் ஆகிவிட்டது.

அப்படிப்பட்டவளைத் தினமும் சாயங்காலம் அழவைக்க, பிறந்து மூன்று வாரமே ஆன ஒருவனால் முடிந்தது. எங்கள் மகன். பகலெல்லாம் பிள்ளை பரம சாது. குடிப்பான், தூங்குவான். வெயில் சாய்ந்ததும் ஆளே மாறிவிடுவான். மார்பில் வைத்தால் நாலு வாய் இழுப்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், உடம்பை வில்லாக வளைத்து அலறுவான். எதிர்வீட்டு நாய்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும்.

"எனக்குப் பால் இல்லியா இன்யா?" என்பாள் சிந்துஜா. இனியவன் என்ற என் பெயரை அவள் சுருக்கிக் கூப்பிடுவது அப்படி. கோபம் வந்தால் மட்டும் 'இனியவன் பி.எஸ்சி.' என்று பட்டத்தோடு கூப்பிடுவாள்.

பட்டம் உண்மைதான். சேதராப்பட்டில் எங்கள் விவசாயக் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல். இப்போது அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு கதிர்காமத்தில் வாடகை வீடு. என் அம்மா அஞ்சம்மாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட "எம் புள்ள பி.எஸ்சி." என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பாள். ஆனால் பால் விஷயத்தில் அந்தப் பட்டம் செல்லவில்லை.

"சாயங்காலத்துல சின்னக் கொழந்தைங்க அடிக்கடி கேக்குமாம்மா. அழுவுறதால பால் இல்லன்னு அர்த்தம் இல்ல. படிச்சிப் பாத்தேன்" என்றேன்.

"கரெண்ட்டப் பத்திச் சொல்லு, கேட்டுக்கறேன். பாலப் பத்தி நீ என்னாடா சொல்றது?" என்று அம்மா பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதுதான் முறை. என் மாமியார் ராஜாம்பாள் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். விடிவதற்கு முன்னால் கிளம்புகிற வீட்டில் பிள்ளை பெற்றவளை யார் பார்ப்பது? அதனால் தாய்வீடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என் அம்மாவும் வந்துவிட்டாள். கடலும் கழனியும் ஒரே சமையலறையில் அடுப்பு மூட்டின.

மாமியார் பால்சுறா கொண்டுவந்து புட்டு கிளறினார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அவர்கள் பக்கம் அதுதான் வழக்கம். அத்தோடு விட்டிருக்கலாம். 'ராஜாம்பா பொண்ணுக்குச் சாயங்காலம் பால் எறங்கலயாம்' என்று ஏலத் திடலில் சேதி பரவிவிட்டது. அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் சுறாவோடுதான் வந்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்தால் சுறா. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலும் எங்கள் சுறா. அம்மாவுக்குப் பொறுக்குமா? பாலில் வேகவைத்த பூண்டு, முருங்கைக்கீரைப் பொரியல், மறுபடி பூண்டு. 'சம்பந்தி, சம்பந்தி' என்று இருவரும் கொஞ்சிக்கொண்டே அவள் தட்டில் போட்டி போட்டார்கள்.

"காலையில நான் கடலு, மத்தியானம் கழனி. சாயங்காலம் ஆனா வெறும் ஆளு" என்றாள் சிந்துஜா.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள். மீன் விற்று முடித்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு துறைமுகத்துப் பெண்கள் ஐந்து மணிக்கு வருவார்கள். ஷிப்ட் முடிந்து எங்கள் ஊர்க்காரர்களும் அதே நேரத்துக்கு பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். பிள்ளை மடி மாறி மடி போகும். அவன் வாயைத் திறந்து இங்கும் அங்கும் தேடினால், "பாரேன், என்னப் பாத்துச் சிரிக்கறான்!" என்பார்கள். சிந்துஜா கை நீட்டினால், "இப்பத்தான குடிச்சான், இரு. நாங்க என்னா தெனமுமா வர்றோம்?" என்பார்கள். தினமும்தான் வந்தார்கள்.

கடைசியில் திருஷ்டி. கடல் பக்கத்து ஆட்கள் போனதும் அம்மா மிளகாய் சுற்றுவாள்; கழனிப் பக்கத்து ஆட்கள் போனதும் மாமியார் உப்பு சுற்றுவார். யார் கண் யார்மேல் பட்டது என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. மேலே சாம்பிராணிப் புகை. எல்லாரும் இருமி ஓய்ந்தபின் பிள்ளை தாயிடம் வருவான். அதற்குள் முகம் சிவந்து, தொண்டை கட்டி, எங்கே வாய் வைப்பது என்றே தெரியாத கோபத்தில் இருப்பான்.

மாமியாரின் துறைமுகக் கூட்டாளி ஆயம்மா ஒருநாள் சிந்துஜாவின் மார்பை, நண்டு வாங்குகிறவர் மாதிரி அழுத்திப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மெத்துன்னு கெடக்குதுடி ராஜாம்பா. காலி."

அன்றைக்கே பஞ்சாயத்து கூடியது. புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது கூடவில்லை என்றால் சாயங்காலத்துக்கு டப்பாப்பால். இரண்டு சம்பந்திகளும் முதல்முறையாக ஒத்துப்போன விஷயம் அது. டோக்கன் இல்லாமல் கவுன்சிலர் தம்பியையே உள்ளே விடாதவள், சரி என்று தலையாட்டினாள்.

அவர்கள் போனதும் என்னிடம் சொன்னாள்: "நான் டப்பாப்பால் குடிச்சி வளந்தவதான். அம்மா ஏலத்துக்குப் போவணும்ல. அதுல எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடல. ஆனா நான் குடுக்கணும்னு ஆசப்பட்டேன். எங்க பல் டாக்டர்கிட்ட சண்ட போட்டு ஆறு மாசம் லீவு வாங்குனது இதுக்குத்தான். சாயங்காலம் தோத்துட்டா, அப்புறம் பகலும் தோத்துடுவேன்னு பயமா இருக்கு."

அந்த வாரம் ஒரு பந்த் வந்து வாய்த்தது. எதற்காக என்று இப்போது நினைவில்லை; புதுச்சேரியில் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பஸ் இல்லை, டெம்போ இல்லை. மாமியார் தேங்காய்த்திட்டிலேயே மாட்டிக்கொண்டார். கருமாதிக்கு என்று முந்தின நாள் ஊருக்குப் போன அம்மாவும் திரும்ப முடியவில்லை. கம்பெனி விடுமுறை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

ஐந்து மணிக்கு அவன் சிணுங்க ஆரம்பித்தான். சிந்துஜா பழக்கத்தில் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. தூக்கி வைத்துக்கொண்டாள். குடித்தான், கண் சொருகினான், விட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி வாயைத் திறந்தான். இந்தப் பக்கம் கொடுத்தாள். திரும்பவும் கேட்டான். அந்தப் பக்கம். நான் ரசம் வைத்தேன். ஒரு கையால் சாப்பிட்டாள். "இன்னுமாடா?" என்பாள், கொடுப்பாள். நடுவில் ரெண்டு தடவை அழுதான். உடனே எடுத்ததால் அலறல் வரை போகவில்லை. அப்படியே கடை போட்டு உட்கார்ந்த மாதிரி குடித்துக் குடித்து, இருட்டியபின் வாயோரம் பால் வழியத் தூங்கிப்போனான்.

சிந்துஜா அந்தத் துளியைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு சுறாப்புட்டும் இல்ல, பூண்டுப்பாலும் இல்ல. இது எங்கேருந்து வந்துச்சி?"

"அதான் நான் அன்னிக்கே படிச்சி..."

"நீ சொன்ன, சரி. ஆனா கதவு தொறந்து கெடந்துச்சே, அத நீ பாத்தியா இனியவன் பி.எஸ்சி.? அவன் கேக்கற நேரத்துலதான் ஊரே அவன மடியில வச்சிக்கினு இருக்குது."

மறுநாள் பஸ் ஓடியது. ஐந்து மணிக்கு ஆயம்மா தலைமையில் ஒரு கூட்டம் சுறாவோடு வந்து இறங்கியது. சிந்துஜா எழுந்துபோய் நிலையில் கை வைத்து நின்றாள்.

"வாங்க சித்தி. காபி போடச் சொல்றேன், வாசல்ல உக்காருங்க. பிள்ளையப் பாக்கணும்னா காலையில பத்து மணிக்கு வரணும். இப்ப அவன் ட்யூட்டியில இருக்கான்."

"என்னாடி ட்யூட்டி?"

"பால் குடிக்கற ட்யூட்டி. ராத்திரி வரைக்கும்."

"தூக்கி வளத்த என்னையே வாசல்ல நிக்க வக்கறியா?"

"நிக்கச் சொல்லல சித்தி. உக்காரச் சொல்றேன். பெரியவங்க எல்லாம் அந்தப் பக்கம், மத்தவங்க இந்தப் பக்கம்."

உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் குரலுக்கு அப்படி ஒரு ராசி. பத்து நிமிஷம் கழித்து பஸ்ஸை விட்டு இறங்கிய எங்கள் ஊர்க்காரர்களும் எதற்கு என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் காபி கொடுத்து மாளவில்லை. சாம்பிராணியும் மிளகாயும் வாசலோடு நின்றன. திருஷ்டியெல்லாம் எனக்கே சுற்றினார்கள்.

மாமியார்தான் உள்ளே வந்து பொருமினார். "எங்க ஜனத்த வெளிய வச்சிட்டியே, துறைமுகத்துல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஏலம் எடுக்கறது?"

"எம்மேல பழியப் போடும்மா. புதங்கெழம வரைக்கும் பொறுத்துக்க. எட கூடலன்னா நானே டப்பாவ ஒடச்சி ஊத்தறேன்."

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஐந்து பேராகப் போனோம். தராசில் போட்டதும் பிள்ளை அலறினான். நர்ஸ் முள்ளைப் பார்த்தார், பழைய அட்டையைப் பார்த்தார். சிந்துஜா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

"நல்லா ஏறியிருக்கானே. இப்படியே குடுங்க, வேற ஒண்ணும் வேணாம்."

"சாயங்காலத்துல மெத்துன்னு ஆயிடுது சிஸ்டர்" என்றாள் சிந்துஜா.

"மெத்துன்னு இருந்தா காலின்னு யாரு சொன்னது? அவன் இழுக்க இழுக்க ஊறும்."

"பால்சுறா, சிஸ்டர். நம்ம கையால கிளறினது" என்றார் மாமியார்.

"பூண்ட விட்டுட்டீங்களே சம்பந்தி" என்றாள் அம்மா.

"பூண்டு வாயுவுக்குத்தான் சம்பந்தி. பாலுக்கு சுறாதான்."

"எங்க பக்கத்துல சுறாவே கெடையாது. நாங்கல்லாம் புள்ள வளக்கலியா? இதோ நிக்கறான், பி.எஸ்சி.!"

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். நர்ஸ் இருவரையும் கையமர்த்திவிட்டு சிந்துஜாவிடம் கேட்டார்.

"நீ சொல்லும்மா. சாயங்காலம் அழுதா என்ன பண்ற?"

சிந்துஜா பிள்ளையைத் தராசிலிருந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அலறல் நின்றது.

"கதவச் சாத்திட்டு உக்காந்துடறேன் சிஸ்டர்."