எங்கள் வயலுக்கு மட்டும் கிட்டி வேண்டாம்

நடந்தது இவ்வளவுதான்:

1. கார்த்திகைக் கடைசியில் அப்பாவுக்குத் தஞ்சாவூரில் கண் ஆபரேஷன். பதினைந்து நாள் அண்ணன் வீட்டில் தங்கினார். அம்மாவும் துணைக்குப் போனார்.
2. போகும்போது அப்பா என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னார். எலிக்குக் கிட்டி வைப்பவர் வருவார், நம் வயலிலும் வைக்கச் சொல்.
3. அவர் வந்தார். எங்கள் வயலில் மருந்து வைத்தாகிவிட்டது, கிட்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.
4. அது பொய்.
5. மார்கழியில் பக்கத்து வயல் அக்காவின் நெல்லில் பாதியை எலி வெட்டியது.

கிட்டி என்பது மூங்கிலை வில்லாக வளைத்துச் சுருக்குக் கயிறு கட்டிய பொறி. சாயங்காலம் வரப்போரம் ஊன்றிவிட்டுப் போவார்கள். தீனிக்காகத் தலையை நீட்டும் எலியின் கழுத்தில் கயிறு இறுகும். விடியற்காலையில் வந்து எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்களுக்கெல்லாம் ஒரே சாயங்காலம் கிட்டி வைப்பதுதான் வழக்கம். ஒரு வயலை விட்டால் மற்றதற்கு வைத்ததும் வீண். எலிக்குப் பட்டாவும் கிடையாது, வரப்பும் கிடையாது. சின்ன வயதிலிருந்து எனக்கு இது தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நான் சிவில் டிப்ளமா படித்தவள். கட்டுமான கம்பெனி ஒன்றில் அளவெடுக்கும் வேலை. சென்னையில் படித்தபோது தோழி ஒருத்தியோடு பௌத்த தியான வகுப்புக்குப் போகத் தொடங்கி, ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. தினமும் காலையில் ஐந்து சீலங்களைச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்காருவேன். உயிரைக் கொல்லாதிருப்பேன் என்பது முதல் சீலம். பொய் சொல்லாதிருப்பேன் என்பது நான்காவது. சிரிக்கத் தெரியாதவர்கள் தியானத்துக்கு உட்கார வேண்டாம் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வார்கள். அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். சிரிக்கத்தான் இல்லை.

என் பங்குச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தவர் பக்கத்து வயல் அக்காதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் திருப்பூரில் இருக்கிறார். அரை ஏக்கரை இவரே பார்த்துக்கொள்கிறார். அந்த நெல் விற்பதற்கில்லை, அவருக்கும் மகளுக்கும் ஒரு வருஷச் சோறு. நான் கையில் உட்கார்ந்த கொசுவை ஊதி விடுவதைப் பார்த்தால், “அனுப்பறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு டீ போட்டுக் குடுடி” என்பார்.

கிட்டிக்காரரிடம் பொய் சொன்ன அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வரப்பில் எலிகள் பிழைத்துக் கிடந்தன. அக்கா எங்களுக்குப் பத்து நாள் முன்னதாக நட்டவர். அவர் வயல்தான் முதலில் கதிர் வாங்கியது. எலிகள் அங்கே போயின.

மார்கழியில் ஒரு காலை, வெட்டுப்பட்ட நெல்தாள்களை ஒரு கைப்பிடி அள்ளி வைத்துக்கொண்டு அக்கா வரப்பில் நின்றார்.

“உங்க வயலுக்கு மருந்து வச்சீங்களாமே. எந்தக் கடைல வாங்குனீங்க? எலிக்கு நல்லாப் பசி எடுக்குற மருந்து போலிருக்கு.”

என்னைச் சந்தேகப்பட்டு அப்படிக் கேட்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தார். “ஆமாங்கா” என்றேன். அது இரண்டாவது பொய்.

நான்கு நாள் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். ஐந்துக்கு மேல் போகவில்லை. போனில் ஒரு பட்டியல் போட்டேன். சொல்ல வேண்டும் என்பதற்கு நான்கு காரணம், வேண்டாம் என்பதற்கு ஆறு. ஆறும் என்னைப் பற்றியதாகவே இருந்தன.

ஐந்தாம் நாள் போனேன். அக்கா வெட்டுண்ட தாளை மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாங்க மருந்து வைக்கலக்கா. கிட்டிக்காரர்ட்ட நான்தான் பொய் சொல்லி அனுப்புனேன்.”

“ஏன்?”

“எலி சாகக் கூடாதுன்னு.”

அக்கா கையிலிருந்த தாளைக் கீழே போட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிற்க முடியாமல் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கொல்லாதன்னாரு உங்க புத்தர், சரி. பொய் சொல்லுன்னும் சொன்னாரா?”

“அதுவும் கூடாதுன்னுதான்.”

“அட பாவி. அஞ்சுல ஒண்ணக் காப்பாத்த இன்னொண்ணக் காவு குடுத்துட்டியா?”

எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. முடிந்துவிட்டது, மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“சிரிச்சதால விட்டுட்டேன்னு நெனைக்காத. இரக்கப்பட்டது நீ. வயலு என்னுது. எம் பொண்ணுக்கு ரேஷன் அரிசி எறங்காது, தெரியும்ல ஒனக்கு?”

“எங்க நெல்லுலேர்ந்து தரேன்க்கா.”

“அது உங்கப்பா நெல்லு. அவருட்டப் போயி சொல்லு மொதல்ல.”

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பிய அன்றே சொன்னேன். கூலிக்கு வேலை செய்த குடும்பத்தில் முதன்முதலாகச் சொந்த வயல் வாங்கியவர் அவர். அந்த முக்கால் ஏக்கரை முதல்முறையாக என்னை நம்பி விட்டுப் போயிருந்தார். திட்டவில்லை. “அளவெடுக்குற புள்ள. வரப்புல எத்தன எலி வளைன்னு எண்ணிப் பாத்தியா?” என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். மறுநாள் கிட்டிக்காரர் வீட்டுக்கு அவரே நடந்து போய்க் கிட்டி வைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த எலிகளை நான் காப்பாற்றவும் இல்லை. அதே வாரம் எங்கள் வயலிலும் கிட்டி ஊன்றினார்கள். அன்று நானும் வரப்பில் நின்றேன். விடிந்ததும் எலிகளைக் கொத்தாகத் தூக்கிக் காட்டினார்கள். பார்த்தேன்.

தை அறுப்பு முடிந்துவிட்டது. அக்காவுக்குக் குறைந்த நெல்லை எங்கள் களத்திலிருந்தே அப்பா அளந்து அனுப்பினார். அக்கா வாங்கிக்கொண்டார். காலையில் இப்போதும் ஐந்து சீலங்களையும் சொல்கிறேன். முதலாவதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது. அக்கா என்னோடு பேசுகிறார். தண்ணீர் திறந்தாச்சா, மழை வருமா என்று கேட்கிறார். கேலி மட்டும் செய்வதில்லை.