முன்வாசலால் வரட்டும்

கல்முனைக்குடியில் ஜெமீலா டீச்சரின் வீட்டு விறாந்தையில் நாளுக்கு இரண்டு வகுப்புகள் நடந்தன. விடியலில் பெண்களுக்கு யோகாசனம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சிறுமிகளுக்குக் குர்ஆன் ஓதல். பன்பாய்கள் இரண்டுக்கும் பொது. பகலில் அவள் அரசாங்கப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. கணவன் ஜவுபர் சந்தைப் பக்கம் தையற்கடை வைத்திருந்தான்.

யோகாசனம் அவளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் வந்தது. உடற்கல்வி ஆசிரியைகளுக்கென்று திருக்கோவில் என்ற ஊரில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. நடத்தியவர் வடக்கிலிருந்து வந்த ஒருவர். மெலிந்த மனிதர், கோபமே வராதவர். முதல் நாள் ஆசனங்கள் முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இனித் தத்துவ வகுப்பு. முஸ்லிம் ரீச்சர்மாரும் கிறிஸ்தவ ரீச்சர்மாரும் போகலாம். இது உங்களுக்குத் தேவைப்படாது."

பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லோரும் எழுந்தார்கள். ஜெமீலா எழவில்லை.

"ஏன் சேர் தேவைப்படாது?"

"அது எங்கட சமயத்தோட சேர்ந்தது, பிள்ளை."

"காலையில மூச்சப் பிடிக்கச் சொன்னயள், விடச் சொன்னயள். அந்த மூச்சு எந்தச் சமயம் சேர்?"

அவர் சிரித்தார். இருக்க விட்டார். பக்கத்தில் அன்ரனீற்றாவும் இருந்துவிட்டாள். அவள் கல்முனைக் கத்தோலிக்க வீட்டுப் பெண், ஜெமீலாவின் பாடசாலையிலேயே சங்கீதம் படிப்பித்தவள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, "நான் ஒனக்காகத்தான் இருந்தன் கா. எனக்குப் பசி உயிர் போகுது" என்றாள்.

அன்று கேட்டது ஜெமீலாவைத் தூங்கவிடவில்லை. யோகத்தில் ஆசனம் மூன்றாவது படி என்று அவர் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே இரண்டு படிகள் இருக்கின்றன. கொல்லாதே, பொய் சொல்லாதே, களவெடுக்காதே, தேவைக்கு மேல் சேர்த்து வைக்காதே என்பது முதற்படி. சுத்தம், போதும் என்ற மனம், இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என்று போவது இரண்டாவது. இவை இல்லாமல் உடம்பை மட்டும் வளைக்கச் சொல்லி, முகாமிலிருந்த பாதிப்பேரை அவர் பஸ்ஸுக்கு அனுப்பியிருக்கிறார். இரக்கத்தோடு அனுப்பினார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் படிகளை மூலத்திலேயே வாசிக்க நினைத்து, சமஸ்கிருதத்தை அவள் சிங்கள எழுத்தில் படித்தாள். அம்பாறையில் பிரிவேனா என்கிற ஒரு பௌத்த மடப் பள்ளியில் முதிய பிக்கு ஒருவர் அதைச் சொல்லிக்கொடுப்பார் என்று ஜவுபருக்குத் துணி கொடுக்கும் வியாபாரி சொன்னான். சனிக்கிழமைகளில் கணவனும் மனைவியும் பஸ் ஏறினார்கள். அவள் உள்ளே படிக்கும்போது ஜவுபர் வெளியே மரத்தடியில் காத்திருந்து பொத்தான் தைப்பான். ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு இது எதற்கு என்று பிக்கு கேட்கவில்லை. வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். எந்த எழுத்து தொண்டையின் அடியில் பிறக்கும், எது நாக்கின் விளிம்பில் பிறக்கும் என்று பிரித்துச் சொல்ல அவள் குர்ஆன் ஓதுகிற வயதிலேயே பழகியிருந்தாள். மொழி வேறு என்றாலும் வாய்க்கு அந்த வேலை பழக்கமானது. மூன்றாவது மாதம் பிக்கு தன் மற்ற மாணவர்களை அழைத்து அவள் சொல்வதைக் கேட்கச் சொன்னார்.

விறாந்தையில் வகுப்பு தொடங்கியபோது இடுப்பு நோவுக்காரிகளும் இழுப்புக்காரிகளும் வந்தார்கள். ஜெமீலா எடுத்த எடுப்பில் யாரையும் பாயில் படுக்க விடவில்லை. கிழமைக்கு ஒரு சமஸ்கிருதச் சொல், அந்த முதல் இரண்டு படிகளிலிருந்து. அதன் உச்சரிப்பு, அதன் பொருள், அந்த வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. அதன் பிறகுதான் ஆசனம்.

"டீச்சர், நான் இடுப்புக்கு மருந்து கேட்டு வந்தன். நீங்க பாஷை படிப்பிக்கிறயள்" என்றாள் உம்மு. அவள் சரீப் ஹாஜியாரின் மனைவி. ஹாஜியார் நெல் வியாபாரி, பள்ளிவாசல் நிருவாகத்தில் முன்வரிசை ஆள்.

"இடுப்பு ஏன் நோகுது?"

"தெரியா."

"அப்ப இரி. தெரிஞ்சிட்டுப் படுப்பம்."

"இவட வாய்க்கு ஒரு ஆசனம் இல்லயா?" என்று அன்ரனீற்றா சுவரோரத்திலிருந்து கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். உம்மு இருந்தாள். நாலைந்து வருடம் இருந்தாள்.

எண்பத்தைந்து சித்திரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் வந்து ஊர்கள் எரிந்தன. தமிழ் வீடுகளும் முஸ்லிம் வீடுகளும். அன்ரனீற்றா மட்டக்களப்பில் தமக்கை வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அதன் பிறகு விடியலில் ஜெமீலாவின் விறாந்தையிலிருந்து வந்த சொற்கள் தெருவில் போகிறவர்களுக்கு வேறு மாதிரிக் கேட்டன. அவை தமிழருடைய கோயிலில் கேட்கிற சொற்கள் என்றார்கள். ஜெமீலா குரலைத் தாழ்த்தவில்லை. ஆனாலும் நேரில் வந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நெல் விஷயம் வரும்வரைக்கும்.

அந்தக் கிழமைச் சொல் அபரிக்ரஹம். தேவைக்கு மேல் பிடித்து வைத்திருக்காமை. ஜெமீலா வழக்கம்போல் பொருள் சொன்னாள், இன்றைக்கு வீட்டில் எது மிதமிஞ்சிக் கிடக்கிறதென்று பாருங்கள் என்றாள். பெண்கள் பழைய சாரி, உடைந்த லாந்தர் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு போனார்கள். உம்மு பார்த்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த நெல் ஸ்டோரை. ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு. பாதைகள் நாளுக்கொன்றாக அடைபட்டன. ஹாஜியாரின் ஸ்டோரில் போன வெள்ளாமை நெல் கூரை முட்டக் கிடந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று அவர் காத்திருந்தார்.

இராச்சோறு வைக்கும்போது உம்மு கேட்டாள்: "ஸ்டோரில கிடக்கிற நெல் ஆருக்கு?"

"இதென்ன புதுக் கேள்வி?"

"அபரிக்ரஹம் எண்டு ஒண்டு இருக்காம்."

"ஆர் அவன்?" என்றார் ஹாஜியார்.

இதை உம்மு மறுநாள் பாயில் இருந்து சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஹாஜியார் சிரிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலில் முறைப்பாடு வைத்தார். நெல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. முஸ்லிம் பெண்களுக்குப் பிற மதத்து மந்திரம் படிப்பிக்கிறார்கள், அதே வாயால் பிள்ளைகளுக்கும் ஓதிக் கொடுக்கிறார்கள் என்பது முறைப்பாடு.

நிருவாகம் ஜவுபரைக் கூப்பிட்டது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த மௌலவிதான் அப்படிச் செய்யச் சொன்னார். மனைவியின் காரியத்துக்குப் புருஷனைக் கேட்பது அவருடைய ஊர் வழக்கம். இந்த ஊரில் குடி என்கிற வம்சம் தாய் வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் தலைவராக ஒரு மரைக்கார் இருக்கிறார். ஒரு குடியைச் சேர்ந்தவரைக் கேள்வி கேட்பதென்றால் அந்தக் குடி மரைக்காரிடம்தான் போக வேண்டும்.

ஜவுபர் ஊசியைச் சட்டைக் கழுத்தில் குத்தியபடியே போய் நின்றான். "அவ வேற குடி, நான் வேற குடி" என்றான். "என்னக் கேட்டு என்ன செய்ற? அவட மரைக்கார் அந்தா இரிக்கார், அவர்ட்டக் கேளுங்க. சட்டை தைக்கிறதெண்டா என்னக் கூப்பிடுங்க."

பின்னாலிருந்து ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். மௌலவிக்கு முகம் சிவந்தது. ஜெமீலாவின் குடி மரைக்கார் முகைதீன்பாவா, அவளுடைய தாய்மாமன். தன்னை மீறிக் கேட்டதில் அவருக்கும் கோபம். ஆனாலும் மருமகளிடம் வந்தார். வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் தொடங்கினார்.

"மகள், நான் கதைச்சு முடிச்சிட்டன். தேகப்பயிற்சிய ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல. அது நல்லது, செய். அந்தச் சொல்லுகள மட்டும் விடு."

"திருக்கோவிலில எங்கட சேரும் இதத்தான் சொன்னார், மாமா. ஒங்களுக்கு ஒடம்பு போதும், மற்றது வேணாமெண்டு. அவருக்கும் ஒங்கட மௌலவிக்கும் ஒரே புத்தி."

"வாய்க்கு வந்தமாதிரிக் கதைக்காத புள்ள. இன்னொரு விஷயமும் இரிக்கி." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஊர் வாய மூடணும். வாற வெள்ளி நாலு பொம்புளையளுக்கு முன்னால, இந்த விறாந்தையிலதான், நீ முஸ்லிமெண்டு கலிமாவச் சொல்லு. அவ்வளவுதான். புள்ளையள் வழமபோல ஓத வருவாங்க."

"சொல்லாட்டி?"

"புள்ளையள அனுப்ப வேணாமெண்டு ஜும்மாவில சொல்லுவாங்க."

ஜெமீலா பாய்களைப் பார்த்தாள். அவளுடைய உம்மாவும் இதே விறாந்தையில் ஓதிக்கொடுத்தவள். இந்தத் தெருவில் வாய் திறந்து ஓதுகிற பெண் ஒவ்வொருத்தியும் இவர்கள் இருவரில் ஒருவரிடம் ஓதியவள்.

"கலிமாவ விடியச் சுபஹுத் தொழுகையில சொன்னன்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரத்தில அஸருக்குச் சொல்லுவன். அவங்க கேட்டுச் சொல்லமாட்டன்."

"அதே வாய், அதே கலிமா. என்னடி வித்தியாசம்?"

"மாமிய நீங்க கலியாணம் முடிச்சு எத்தின வருஷம்?"

"அத ஏன் கேக்காய்?"

"நாளைக்கு நாலு பேர் வந்து, எங்களுக்குச் சந்தேகமாக் கிடக்கு, மறுகா நிக்காஹ் செய்யிங்க எண்டா செய்வயளா?"

அவர் வெறுங்கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"செய்தா, இத்தின காலம் குடும்பம் நடத்தினது என்ன கணக்கு?"

"ஒன்ட உம்மாவும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். படலையில் நின்று திரும்பினார். "நெல்லச் சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

"நான் நெல்லெண்டே சொல்லல்ல, மாமா. ஹாஜியாருக்குத்தான் நெல்லெண்டு விளங்கினது."

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அறிவித்தார்கள். சனிக்கிழமை ஒரு சிறுமியும் வரவில்லை. விடியல் வகுப்புக்கு வந்தவர்களும் குறைந்தார்கள். கடைசியில் உம்மு மட்டும், ஹாஜியார் சுபஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, வந்துபோனாள். ஜவுபரின் கடையில் துணி தைக்கக் கொடுத்தவர்கள் சிலர் தைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அஸருக்குப் பிறகு ஜெமீலா பாய்களை விரித்து, எதிரே ஒருவரும் இல்லாமல், பாடத்தை ஓதினாள். பிள்ளைகள் நிறுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் தெருவில் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

அவள் வீட்டைச் சுற்றி இருந்தவை எல்லாம் அவளுடைய தங்கைமாரின், சாச்சிமாரின் வீடுகள். வேலிகளில் ஆளுக்கொரு கடப்பு விட்டிருந்தார்கள், தெருவுக்கு வராமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர. ஒரு நாள் அஸருக்குப் பிறகு அந்தக் கடப்பால் நாலு சிறுமிகள் வந்தார்கள். முன்னால் நதீரா, தங்கை றஹீமாவின் மகள். எல்லோரிலும் நன்றாக ஓதுகிறவள். குர்ஆனை முழுதாக ஓதி முடிக்க அவளுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

ஜெமீலா குசினி வாசலில் மறித்தாள். "ஏன் இதால வாறயள்?"

"உம்மாதான் சொன்ன. முன்னால போனா பள்ளிக்காரங்க காணுவாங்களாம்."

"போய் முன்வாசலால வாங்க."

பிள்ளைகள் நின்றார்கள். நதீராவின் உதடு துடித்தது. ஜெமீலா கடப்பை மூடி மட்டையைச் செருகினாள். அவர்கள் போன பிறகும் அந்த மட்டையைப் பிடித்தபடியே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் றஹீமா வேலிக்கு மேலால் கத்தினாள். "ராத்தா, ஒங்கட வீம்புக்கு என்ட புள்ள ஓதாமக் கிடக்கணுமா? ஒளிச்செண்டாலும் படிக்கட்டுமே!"

"ஒளிச்சு ஓதினா ஒளிக்கிறதத்தான் படிப்பாள்."

"இதுவும் அந்தப் பாஷையில உள்ளதா?"

"ஓம். நம்மட பாஷையிலயும் உள்ளதுதான். ஓதுறது களவு வேலையா றஹீமா? வாறதெண்டா முன்வாசலால வரட்டும்."

"ஒருத்தரும் வராட்டி?"

"வராட்டி வராட்டும். ஒனக்கு விளங்கல்ல. நான் இண்டைக்கு அவள இதால உள்ள எடுத்தா, நான் ஏதோ பிழை செய்யிறனெண்டு அவள்ற மனசில நிண்டிரும். அத என்னால மறுகா அழிக்க ஏலா."

றஹீமா வேலியை விட்டுப் போனாள். அக்காவும் தங்கையும் அன்றிலிருந்து பேசவில்லை. இரவு ஜவுபர் கேட்டான், கலிமாதானே, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று. அவன் அப்படிக் கேட்டது அந்த ஒரு முறைதான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மிசினைத் துடைக்கப் போய்விட்டான்.

மழை தொடங்கிய ஒரு நாள், அஸருக்குப் பிறகு, தெருப் படலை திறந்தது. உம்மு குடையோடு நின்றாள். கையைப் பிடித்தபடி மகள் கமீலா. பிள்ளையின் தலையில் முக்காடு, நெஞ்சோடு அணைத்த குர்ஆன் உறை. பள்ளிவாசலைத் தாண்டித்தான் அவர்கள் வந்திருக்க வேண்டும். வேறு பாதை இல்லை. கடை வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ஹாஜியார் ஊரில இல்லயா?" என்று ஜெமீலா கேட்டாள்.

"இரிக்கார். சொல்லிப்போட்டுத்தான் வாறன்."

"என்ன சொன்னார்?"

"போனா வீட்டுக் கதவப் பூட்டுவாராம்." உம்மு குடையை மடக்கி உதறினாள். "பூட்டட்டும் எண்டன். ஆர்ர வீட்டுக் கதவு டீச்சர் அது? என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. பூட்டினா அவர் எந்தப் பக்கம் நிக்கிற எண்டு யோசிக்கணும்."

ஜெமீலா சிரிக்கவில்லை. உம்முவின் குடையை வாங்கிச் சுவரோரம் சாத்தினாள்.

அதற்குப் பிறகும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஹாஜியார் ஸ்டோரை மாரி முடிந்துதான் திறந்தார், தான் நினைத்த விலைக்கு. அறிவிப்பை நிருவாகம் திரும்பப் பெறவும் இல்லை, இன்னொரு தடவை சொல்லவும் இல்லை. நிருவாகத்து ஆளின் மகளே தெருவால் போய் ஓதும்போது எதைச் சொல்வது? றஹீமா நதீராவை வேறிடத்தில் ஓதவிட்டாள். சிலர் வரவேயில்லை. விடியலில் உம்முவோடு இன்னும் ஐந்தாறு பேர் சேர்ந்தார்கள். கலிமா சொன்னாயா என்று ஜெமீலாவிடம் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் முன்பு சொன்னதுதான்.

அந்த மழை நாளில் கமீலா மட்டும் பாயில் இருந்தாள். எதிரே மற்றப் பாய்கள் வெறுமையாகக் கிடந்தன. எங்கே விட்டோம் என்று ஜெமீலா கேட்டாள். பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. விரலை வைத்து மெதுவாகத் தொடங்கினாள். மழைச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்டிருக்காது.

"நில்லு" என்றாள் ஜெமீலா. எழுந்துபோய், உம்மு சாத்திவிட்டு வந்த தெருப் படலையை அகலத் திறந்து, காற்றுக்குச் சாத்தாமல் கல் வைத்துவிட்டு, நனைந்து திரும்பினாள்.

"இப்ப ஓது. தெருவுக்குக் கேக்கணும்."