‘ஆமாங்க’ அலாவுதீன்

அருள்புரத்துக்கு வந்து காஜா பட்டன் அலாவுதீன் என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஆமாங்க’ அலாவுதீன் என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவார். பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் காலர் வைத்த டீ-ஷர்ட்டுகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்பும் சின்ன யூனிட் அவருடையது. வேலையில் ஒரு சொட்டை சொல்ல இடமில்லை. மனிதரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வாய் வராது.

கொங்குச் சீமையில் மரியாதை கொஞ்சம் தூக்கல்தான். முகத்துக்கு நேராக யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் மற்றவர்களுக்கு ‘பாக்கலாமுங்க’ என்று சொல்லி நழுவத் தெரியும். அலாவுதீனுக்கு அந்த நழுவலும் கைவரவில்லை. யார் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடும், ‘ஆமாங்க’ தானாக வரும். அதற்கப்புறம்தான் யோசனை வரும்.

மூலனூருக்குப் பெண் பார்க்கப் போனபோது வருங்கால மாமனார், “மாப்ளைக்கு முருங்கக்கா புடிக்குமுங்களா?” என்று கேட்டார். ஊரே முருங்கைக்காய் சந்தைக்குப் பேர் போனது, அந்த மனிதர் வேறென்ன கேட்பார்? அலாவுதீனுக்கு முருங்கைக்காய் வாசமே ஆகாது. “ஆமாங்க” என்றார். அன்றிலிருந்து மாமனார் வீட்டுக்குப் போகும் போதெல்லாம் குழம்பில் முருங்கைக்காய், கூட்டில் முருங்கைக்காய், கிளம்பும்போது கட்டிக் கொடுக்க ஒரு கட்டு முருங்கைக்காய். மனைவி ஷமீமாவுக்கே விஷயம் தெரிந்தது மகள் பிறந்த பிறகுதான்.

ஷமீமா அவருக்கு நேர் எதிர். “நாளைக்கு மத்தியானமே பீஸ் வேணும்” என்று கம்பெனியிலிருந்து போன் வந்தால், “நாளான்னைக்குச் சாய்ந்தரம் வாங்க, ரெடியா இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள். யூனிட் போன் அவள் கைக்குப் போன பிறகுதான் தொழில் நிமிர்ந்தது. வெளியே யாரிடமும் இதைச் சொல்லாவிட்டாலும் அலாவுதீனுக்கும் அது தெரியும்.

இவர்களின் ஒரே மகள் ரிஃபானா. பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். அந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று மொழிகள். ஒன்று தாய்மொழி, அதைத்தான் முதல் மொழியாக ஆழமாகப் படிக்க வேண்டும். அடுத்தது ஆங்கிலம். மூன்றாவதாக விரும்பிய ஒன்றை அரிச்சுவடியிலிருந்து தொடங்கிப் படிக்கலாம். ஒருமுறை முடிவு செய்து, தேர்வு நடத்தும் மேலிடத்துக்குப் பெயர் போய்விட்டால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை மாற்ற முடியாது.

எட்டாம் வகுப்பு முடியும் நேரத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அன்று ஷமீமா மூலனூரில் இருந்தாள். அலாவுதீன் மட்டும் போனார். மொழிப் பாடங்களுக்குப் பொறுப்பாளர் சுபஸ்ரீ மேடம் அவர் பெயரைப் பார்த்தார், தலை நிமிர்ந்தார். “உங்களுக்கு வீட்ல உருதுதானே சார்? அப்போ தாய்மொழி உருதுன்னு போட்டுடலாம். தமிழ மூணாவது மொழியா வச்சுக்கலாம், சரிங்களா?” என்றார்.

பெயரைப் பார்த்துத் தாய்மொழியை முடிவு கட்டுவது நம் ஊரில் நன்றாகப் படித்தவர்களுக்கும் உள்ள வியாதி. அலாவுதீனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். அவர்கள் கோபப்படுவதும் தமிழில்தான், கொஞ்சுவதும் தமிழில்தான். அலாவுதீனுக்கு அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் மெஷினில் உட்காரும் பீகார் பையன்களிடம் ‘பட்டன் கிதர்’ என்று கேட்கும் அளவுக்கு இந்தி. உருதுவில் ஒரு டீ வாங்கிக் குடிக்கத் தெரியாது.

அதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் உருது ஆசிரியர் முபாஷிர் உட்கார்ந்திருந்தார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், இளைஞர், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அலாவுதீனுக்கு சலாம் சொல்லும் பழக்கம் உண்டு. அவர் முகமெல்லாம் சிரிப்பாக, “ரிஃபானா ரொம்ப அழகா வாசிக்கிறா பாய். போன வாரம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன், கடகடன்னு வாசிச்சுட்டா. வீட்ல நல்லாப் பேசுவீங்க போல!” என்றார்.

“ஆமாங்க” என்றார் அலாவுதீன்.

ரிஃபானா வாசித்ததும் பொய்யில்லை. சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதிய பிள்ளை. முபாஷிர் கொடுத்தது ஸபர், ஸேர் என்று உச்சரிப்பைக் காட்டும் குறிகள் எல்லாம் போட்ட சிறுவர் புத்தகம். எழுத்துகள் பெரும்பாலும் அரபி எழுத்துகள்தான். பழக்க தோஷத்தில் ஓதுவது மாதிரியே வாசித்துவிட்டாள். ஓரிரு புது எழுத்துகளில் தடுமாறியதைக் கூச்சம் என்று அவர் நினைத்துக்கொண்டார். வாசித்தது பூனையைப் பற்றியா புளியமரத்தைப் பற்றியா என்று கேட்டிருந்தால் பிள்ளை விழித்திருக்கும். அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, “மொழியெல்லாம் முடிவு பண்ணியாச்சு” என்று மட்டும் சொன்னார் அலாவுதீன். தானே சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இந்த மாதிரி ஆட்களின் நம்பிக்கையெல்லாம் இந்த ரகம்தான்.

ஜூனில் பள்ளி திறந்தது. ரிஃபானா முதல் மொழி வகுப்பில், வீட்டில் உருதுவே பேசி வளர்ந்த ஒன்பது பிள்ளைகளுக்கு நடுவில், எல்லோரும் சிரிக்கும்போது சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மொழி வகுப்பில் பாட்னாவிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகளோடு சேர்ந்து அணில் படத்துக்குக் கீழே ‘அ’ எழுதினாள். போன ஆண்டு விழாவில் நடந்த தமிழ் நாடகத்தை எழுதியவள் அவள். அதில் வரும் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் பேசிய பேச்சுக்குப் பெற்றோர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தப் பிள்ளைதான் இப்போது ‘ஆடு, இலை’ என்று கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை ஷமீமா மகளின் பையில் டிபன் பாக்ஸை வைக்கப் போனவள், அணில் படத்தைப் பார்த்துவிட்டாள்.

“ஒம்பதாவதுல எதுக்குடி அணில்?”

ரிஃபானா சொன்னாள். கேட்டு முடித்த ஷமீமா கணவன் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நம்ம ஊட்ல எப்பங்க உருது பேசுனோம்? உங்க அப்புச்சி பேசுனாரா, எங்க அம்மாயி பேசுச்சா? பத்தாவதுல புள்ள எந்த பாசைல பரீட்ச எழுதும்? பெயிலாயிட்டா நீங்க போயி ஆமாங்கன்னு சொல்லி மார்க் வாங்கிட்டு வருவீங்களா?”

அலாவுதீன் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். பெயர்கள் மேலிடத்துக்குப் போக வெள்ளிக்கிழமைதான் கடைசி. போகும் வழியெல்லாம் ‘எங்க ஊட்ல உருது இல்லீங்க’ என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முபாஷிர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்களே வந்துட்டீங்க பாய்! பத்துப் பேர் இல்லேன்னா உருது வகுப்பையே எடுத்துடுவாங்க. ரிஃபானா பத்தாவது ஆளு. வகுப்பு போச்சுன்னா நானும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். உங்க புண்ணியம் பாய். உருது வகுப்புக்குப் பெற்றோர் குழு ஒண்ணு போடறோம், நீங்கதான் தலைவரா இருக்கணும்.”

அலாவுதீன் வாயைத் திறந்தார். ஹெல்மெட்டுக்குள் வந்த வாக்கியம் வெளியே வரவில்லை.

போன காரியம் என்ன ஆனது என்று ஷமீமா கேட்டபோது, குழுத் தலைவரான விஷயத்தைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. ஷமீமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. “நானே போறனுங்க” என்றாள்.

அலாவுதீனுக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, மகள் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் சார்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு? புரியலீங்க சார்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே.”

ரிஃபானா தரையைப் பார்த்தாள். “நான் வாசிச்சதும் சார் அவ்வளவு சந்தோசப்பட்டாருங்க, அத்தா. அப்புறம் எப்படிங்கத்தா இல்லைன்னு சொல்றது?”

அலாவுதீன் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு அவருடைய மூக்கு, அவருடைய சுருட்டை முடி என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் பூரித்துப் போனவர். இதுவும் வந்து சேர்ந்திருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. முருங்கைக்காயை முழுங்கிக்கொண்டு அவர் பிழைத்துவிட்டார். பெண்பிள்ளை ஆயிற்றே, நாளைக்கு யார் யார் வந்து என்னென்ன கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் இது தலையாட்டினால் என்ன ஆகும்?

“நான் போறேன், விடுங்க” என்று ஷமீமா மறுபடியும் சொன்னாள்.

“வேண்டாம்” என்றார் அலாவுதீன். “நான்தான் போகோணும். ரிஃபானாவும் கூட இருக்கோணும்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் ‘வேண்டாம்’ கேட்டறியாத ஷமீமா, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் அறையில் சுபஸ்ரீ மேடமும் முபாஷிரும் இருந்தார்கள். ரிஃபானா கதவோரம் நின்றாள். அலாவுதீன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் பேச்சு மாறும் என்பது அவருக்குத் தெரியும்.

“தாய்மொழி விஷயமா வந்தீங்களா சார்? உருதுதானே, போட்டாச்சு” என்றார் சுபஸ்ரீ.

“இல்லீங்க.”

வார்த்தை வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. மேடம் காதில் சரியாக விழவில்லையோ என்னவோ, நிமிர்ந்து பார்த்தார். அலாவுதீன் நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். “இல்லீங்க மேடம். எங்க ஊட்ல தமிழுங்க. எங்க ஆயுசுல உருது பேசுனதில்லீங்க. அன்னைக்கு நான் ஆமாங்கன்னு சொன்னது தப்புங்க. எனக்கு மறுத்துப் பேசி பழக்கமில்லீங்க, அதுனால வந்த வினைங்க இது.”

முபாஷிரின் முகம் வாடிவிட்டது. அலாவுதீன் பயந்தது அதற்குத்தான். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

“அப்போ அவ வாசிச்சாளே பாய்?”

“குர்ஆன் ஓதுன பழக்கமுங்க சார். எழுத்துத் தெரியுமுங்க, அர்த்தம் தெரியாதுங்க. நீங்க சந்தோசப்பட்டீங்கன்னு புள்ள சொல்லாம உட்டுருச்சுங்க. தலைவர் பதவியும் எனக்கு வேண்டாமுங்க.”

முபாஷிர் ரிஃபானாவைப் பார்த்தார். “அதான் எந்தக் கேள்வி கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே நின்னியா?” என்றார். ரிஃபானா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “நான் ஒரு மடையன். எங்க ஊர்ல பிள்ளைங்க பேசக் கத்துக்கிட்டு அப்புறம் வாசிக்கும். இங்கயும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன் மேடம்.”

சுபஸ்ரீ கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, “தமிழை முதல் மொழியா மாத்திடறேன். இன்னைக்கு வந்தீங்களே, நாளைக்குன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார். “மூணாவது மொழியா எது வேணும்? இந்தி இருக்கு, பிரெஞ்சு இருக்கு. உருதும் இருக்கு, அது முதல்லேர்ந்து சொல்லித் தர்றது. அதுல சேர்ந்தாலும் முபாஷிர் சாருக்குப் பத்துப் பேர் கணக்கு சரியா வந்துடும்.”

முபாஷிர் நிமிர்ந்து பார்த்தார். அலாவுதீனின் தலை ஆட ஆரம்பித்தது. பாதியிலேயே அதை நிறுத்திக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு கண்ணு. வேணுமா, வேண்டாமா? யாரு மூஞ்சியும் பாக்காம சொல்லு.”

ரிஃபானா கொஞ்சம் யோசித்தாள். “உருதே படிக்கறனுங்க சார். வாசிக்கத் தெரியுது, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கோணும்.” அப்புறம் தைரியம் வந்து, “ஆனா புரியலைன்னா புரியலைன்னு சொல்லிருவனுங்க” என்றாள்.

“அல்ஹம்துலில்லாஹ், சொல்லும்மா, தினமும் சொல்லு” என்றார் முபாஷிர்.

கேட்டுக்கு வெளியே வந்து பைக்கைத் தொட்டபோதுதான் அலாவுதீனுக்கு மூச்சு சீராக வந்தது. எத்தனையோ பேரிடம் எத்தனையோ ஆமாங்க சொல்லியிருக்கிறார். ஒரு தடவை கூட மனசு இவ்வளவு லேசானதில்லை. வானம் இடிந்து விழவில்லை. சுபஸ்ரீ மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. முபாஷிர் வாசல் வரை வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவருக்குச் சிரிப்பாகவும் வந்தது, கொஞ்சம் ஆத்திரமாகவும் வந்தது.

முதல் பீரியட் முடியும்வரை மகளை வெளியே கூட்டிப் போக அனுமதி வாங்கியிருந்தார். எதிரே பேக்கரியில் சூடாகத் தேங்காய் பன் இறங்கிக்கொண்டிருந்தது. “வா கண்ணு, தேங்கா பன்னு சாப்புடலாம்” என்று தோளில் கை வைத்துக் கூப்பிட்டார். அப்பாவின் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

ரிஃபானா அந்த முகத்தை ஒரு நொடி பார்த்தாள்.

“வேண்டாங்கத்தா, எனக்குப் பசிக்கல” என்றாள். “தமிழ் வகுப்பு ஆரம்பிச்சிருக்கும், நான் போறேன்.”

அவள் கேட்டுக்குள் ஓடினாள். அலாவுதீன் தனியாகப் பேக்கரிக்குள் போய், மகள் வேண்டாம் என்று சொன்ன தேங்காய் பன்னைத் தான் ஒருவராகவே வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு ருசியான பன்னை அவர் அதுவரை சாப்பிட்டதில்லை.