கிம்ச்சி போடுற அன்னிக்குக் கேட்டுக்கலாம்

தென்கொரியாவில் மிர்யாங் ஊர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ஓக்புன்னைவிடச் சத்தமான பொருள் ஒன்றுதான் உண்டு: அவள் புருஷன் தோக்சூவின் பழைய டிராக்டர். அதுகூடக் குளிர்காலத்தில் வாயை மூடிக்கொள்ளும். ஓக்புன் மூட மாட்டாள். பஸ் டிரைவரிடம், "மூக்குமுடிய எப்பய்யா வெட்டுவ?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டவள் அவள். அப்பேர்ப்பட்ட வாய், ஒரே ஒரு கேள்வியை மட்டும் இலையுதிர்காலம் பூராவும் மென்றுகொண்டே கிடந்தது.

"இருக்கியா, போறியா?" அவ்வளவுதான் கேள்வி.

கேட்கப்பட வேண்டியவள் சான்தூ. மூன்று வருஷமாக அங்கே கேன்னிப் என்கிற வாசனைக் கீரை இலை பறிக்கும் கம்போடியப் பெண். இலையோடு ஓக்புன்னின் வசவுகளையும் பறித்து அடுக்கிக்கொண்டவள். கொரிய மொழியில் அவள் தடுமாறாமல் சொன்ன முதல் வாக்கியம், "எழுந்திருடா சோம்பேறி!" டிராக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த தோக்சூ பதறி எழுந்துவிட்டார்.

டிசம்பரில் அவள் விசா முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் முதலாளிதான் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். வேலையாள் கேட்டால் செல்லாது. அதுவும் விசா முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்பே கேட்டுவிட வேண்டும்.

அவள் இருக்க வேண்டும் என்பது ஓக்புன்னின் ஆசை. பெற்ற மகள் தலைநகர் சியோலிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை டின் இறைச்சிப் பெட்டி அனுப்புவாள். முட்டி வலிக்கிறதென்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பது சான்தூ மட்டும்தான்.

"ஏங்க, அந்தப் பொண்ணு விஷயம்…"

"இருக்கணும்னா அவளே கேப்பா," என்றார் தோக்சூ.

"எப்படிங்க கேப்பா? பெத்த மகள அக்காகிட்ட விட்டுட்டு வந்திருக்கா. நான் இருன்னு சொன்னா மனசே இல்லாம தலையாட்டும்."

"அப்ப கேக்காத."

"கிம்ச்சி போடுற அன்னிக்குக் கேக்கறேன்."

காரணம் இருந்தது. குளிர்காலத்துக்குக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் நாளில் பன்றிக்கறி வேகவைத்து, கோஸ் இலையில் மசாலாவோடு சுருட்டி, ஒருத்தர் வாயில் ஒருத்தர் ஊட்டுவார்கள். ஊட்டிய கையைப் பார்த்துக்கொண்டு எவளும் பொய் சொல்ல முடியாது என்பது ஓக்புன்னின் கட்சி.

அந்த நாள் தள்ளிக்கொண்டே போனது. முதலில் கோஸ் முற்றவில்லை. அப்புறம் குளிர் வரவில்லை. அதுவும் வந்ததும் மகள் போன் செய்தாள்: "ஆபீஸ்ல உயிர எடுக்கறாங்கம்மா. அடுத்த வாரம் வரேன், அப்ப போடலாம்."

நடுவில் ஒருநாள் பக்கத்துக் குடில் மான்சிக், ஐம்பது தாண்டிய கல்யாணமாகாத ஆள், எட்டிப் பார்த்தான்.

"என்ன சான்தூ, இருக்கறதுக்கு வழி தேடுறியாமே? என்னைக் கட்டிக்க. ஒரே கையெழுத்து!"

"உங்க சாக்ஸத் துவைக்கறதுக்குப் பதிலா நான் ஊருக்கே போயிடுவேன், பெரியவரே."

ஓக்புன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில், 'வழி தேடுறியாமே' என்ற பாதி அவள் காதில் ஏறவே இல்லை.

ஒருவழியாக மகளும் வந்தாள், கிம்ச்சி நாளும் வந்தது. முழங்கை வரை எல்லோருக்கும் மிளகாய்ச் சிவப்பு. ஓக்புன் இருப்பதிலேயே நல்ல துண்டாகப் பார்த்துச் சுருட்டி சான்தூ வாயில் திணித்தாள்.

"இருக்கியாடி, போறியா?"

சான்தூ மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நேத்தோட கெடு முடிஞ்சுபோச்சு, முதலாளியம்மா. ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"அடிப்பாவி, நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் எல்லாரையும் எல்லாத்தையும் கேப்பீங்களே. பஸ் டிரைவரோட மூக்குமுடியக்கூட விடல. என்னை மட்டும் கேக்கல. அப்ப வேணாம்னுதானே அர்த்தம்?"

ஓக்புன்னின் வாய் திறந்தபடியே நின்றது. மகள் கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தோக்சூ, கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். திரும்பியபோது டை சட்டைப்பையில் இருந்தது.

"கோட்டப் பாத்து மரியாதையா உக்கார வெச்சாங்க. மரியாதையா முடியாதுன்னுட்டாங்க."

அன்று சாயங்காலம் ஓக்புன் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அப்படியும் ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போகாத. இங்கயே இரு. யாராவது வந்தா கிம்ச்சி ஃப்ரிட்ஜுக்குப் பின்னால ஒளிஞ்சுக்க."

"ஸ்ட்ராபெரித் தோட்டத்துல என் சிநேகிதி விசா இல்லாம அப்படித்தான் இருக்கா. நாய் குரைச்சாலே கட்டிலுக்கடியில போயிடறா. ஊருக்குப் போனா திரும்ப விட மாட்டாங்கன்னு மகனப் பாக்கக்கூடப் போகல. எனக்கு முடியாதும்மா."

"வேற வழி?"

"ஊருக்குப் போய் மறுபடி கொரிய மொழிப் பரீட்சை எழுதணும். பாஸாகணும். யாராவது முதலாளி கேட்டு எடுக்கணும்."

"நான் எடுக்கறேன்."

"நீங்க கேக்கணுமே," என்று சான்தூ சிரித்தாள். கேலிக்குத்தான் சொன்னாள். ஓக்புன்னுக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ் வந்த அன்று ஓக்புன் மூட்டையைத் திட்டினாள், கயிற்றைத் திட்டினாள், சீக்கிரம் வந்ததற்காக டிரைவரைத் திட்டினாள். டிரைவர், அதே டிரைவர், எதிர்த்துப் பேசாமல் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார். பஸ் திரும்பிய பிறகும் அவள் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பனி விட்டதும் நேபாளத்திலிருந்து டேக் பகதூர் என்றொரு பையன் வேலைக்கு வந்தான். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. அதற்குள் ஓக்புன் எதிரே போய் நின்றாள்.

"விசா முடிஞ்சா இருக்கியா, போறியா? இப்பவே சொல்லு."

அவன் தோக்சூவைப் பார்த்தான். தோக்சூ டிராக்டரைப் பார்த்தார்.

"அம்மா… முதல்ல கக்கூஸ் எங்க இருக்கு?"

காட்டினாள். அவன் வெளியே வரும்வரை அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.