உயிரோடு இருந்தவனுக்கு ஒரு கல்லறை

எங்கள் வால்மெர்ன் மலைநாட்டை ஆண்ட பிரபுக்கள் அத்தனை பேருக்கும் எங்கல்பெர்ட் என்றுதான் பெயர். பருத்த எங்கல்பெர்ட், நொண்டி எங்கல்பெர்ட், தும்மல் எங்கல்பெர்ட் என்று நாங்கள்தான் அவர்கள் காதில் விழாமல் பிரித்துச் சொல்லிக்கொண்டோம். மூத்த மகன் இறந்துபோனால் அடுத்தவனுக்கு அந்தப் பெயரைப் போட்டுவிடுவார்கள்.

தும்மல் எங்கல்பெர்ட்டின் இளைய மகன் வெர்னருக்குத் தாய்ப்பால் கொடுத்தவள் ஹில்ட்ரூட், கொல்லன் மனைவி. தன் மகன் எக்போவை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் போட்டு வளர்த்தாள். வெர்னர் ஓடியாடும் வயதில் அவன் அண்ணன், அந்தத் தலைமுறையின் எங்கல்பெர்ட், காய்ச்சலில் போனான். கோட்டையில் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்த அண்ணனின் கல்லறையில் 'வெர்னர்' என்று செதுக்கினார்கள். உயிரோடு இருந்த வெர்னரை எங்கல்பெர்ட் ஆக்கினார்கள். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஹில்ட்ரூட்டை வெளியே அனுப்பினார்கள்.

ஆற்றங்கரையில் அவள் கதறியபோது சலவைக்காரி யூட்டா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அழாதடி. உன் பிள்ளை சாகல, பெரிய மனுஷன் ஆயிட்டான்."

"பெரிய மனுஷன் ஆனா பேரு போயிடுமா?"

"அந்த வீட்டுல பேருதான்டி பிள்ளை. ஆளு சும்மா அதைச் சுமக்கறவன்."

வருடங்கள் ஓடின. அந்தப் பிள்ளை பிரபுவானான். எக்போ பிரபுவின் காட்டில் மான் அடித்து மாட்டிக்கொண்டான். அதற்குத் தூக்கு. விடிந்ததும் கயிறு என்றார்கள்.

ஹில்ட்ரூட் மூச்சிரைக்கக் கோட்டை ஏறினாள். சபையின் நடுவே நின்றாள். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் மறந்து போயிற்று.

"வெர்னர் கண்ணு! உன்கூடப் பால் குடிச்சவன்டா அவன்!"

காரியக்காரர் ஃபோல்மார் பாய்ந்து வந்தார். "ஏய், யாரைக் கூப்பிடற? வெர்னர் சின்னவர் எப்பவோ போயிட்டாரு. கல்லறை கோயில்ல இருக்கு, போய்ப் பாரு!"

பிரபுவின் காது மடல் சிவந்தது. தான் வெர்னர் என்று ஒப்புக்கொண்டால், எங்கல்பெர்ட் என்ற பெயரில் அவன் குடிகளிடம் வாங்கிய விசுவாசச் சத்தியங்கள் என்னாவது? விரலில் மோதிரத்தைத் திருகினான்.

"இந்தம்மா என் தம்பிக்குப் பால் கொடுத்தவங்க," என்றான் கடைசியில். "செத்துப்போன தம்பி நினைவா இவங்க மகனை விட்டுடுங்க."

"கேட்டியா?" என்றார் ஃபோல்மார். "சின்னவர் ஆத்மாவுக்கு ஒரு வார்த்தை வேண்டிக்கோ. சத்தமா!"

ஐயோ, அந்தத் தாய் என்ன செய்வாள்! அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் வெர்னரோட ஆத்மா சாந்தியடையட்டும்."

"ஆமென்," என்றது சபை. பிரபுவும் சொன்னான், சற்றுத் தாமதமாக.

மலை இறங்கும்போது, அந்தப் பெயர் மாற்றம் தெரியாமலே வளர்ந்த எக்போவுக்கு வாய் ஓயவில்லை. "எவ்வளவு நல்ல மனுஷன்மா! செத்த தம்பி மேல இவ்வளவு பாசமா! அந்தப் பிள்ளை எப்படி இருப்பான்?"

"பல்லு முளைச்சதும் கடிப்பான்," என்றாள் ஹில்ட்ரூட். "அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நீ அழுதுக்கிட்டே கிடப்ப. உனக்குப் பால் பத்தாது."