ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலில் ஒரு ஆரத்திக் கறை

போன வாரம் பேத்தியின் பிறந்தநாள். அவள் பேருக்கு அர்ச்சனை செய்ய, நானும் மனைவியும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். வழியில் அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய வீடியோ வந்தது. நாலு வயதுப் பேத்தி குட்டிக்கரணம் போடுகிறாள்! நான் வாயெல்லாம் பல்லாகப் பார்க்க, மனைவி போனைப் பிடுங்கினாள்.

“கொழந்தைய வுடுங்க... தரையில அந்தக் கறை இருக்குதா பாருங்க!”

அதென்ன கறை? சொல்கிறேன்.

மகளின் வளைகாப்புக்காக நாங்கள் அங்கே போயிருந்தபோது, பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. அந்த ஊரில் செக் நாட்டுக்காரர்கள் ஜாஸ்தி. நூறு வருஷத்துக்கு முன்னால் பிழைக்க வந்தவர்களின் வாரிசுகள். வந்தவர்கள் வீடு கட்டிய கையோடு ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலும் கட்டினார்களாம். அதைக் கேட்டுப் போனோம்.

ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ஃபிராங்க் தயங்கினார். பார்ட்டிக்கு வருகிறவர்கள் ஷூவோடு மரத்தரையைக் கீறிவிடுகிறார்களாம். “நாங்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம். தரைக்கு நான் கேரண்டி!” என்றேன். சாவியைக் கொடுத்தார்.

விழா ஜோர். கூரையிலிருந்து தொங்கும் வளையங்களில் தோரணம். தாண்டிக் குதிக்கிற மரக்குதிரையின் முதுகில் வளையல் தட்டு. கடைசியில் ஆரத்தி எடுக்கும்போது மனைவியின் கையிலிருந்து தட்டு நழுவியது... மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் அத்தனையும் தரையில்!

தேய்த்தோம், துடைத்தோம். போனால்தானே?

“போச்சு மாமா. இனிமே இங்க தமிழ்க்காரங்க யாருக்கும் ஹால் குடுக்க மாட்டாங்க” என்றார் மாப்பிள்ளை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ ஃபிராங்க் முகத்தைப் பார்க்கவே கூச்சம். கேரண்டி கொடுத்த வாயாயிற்றே!

ஃபிராங்க் குனிந்து பார்த்தார். எதற்கு இந்தத் தண்ணீர் என்று கேட்டார். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கண் படாமலிருக்க என்றேன். என்னை மேடைப் பக்கம் கூட்டிப்போய்க் கறுப்பாக ஒரு கறையைக் காட்டினார். அவருடைய அப்பா அம்மா கல்யாணத்தில் கொட்டிய பிளம் பழ ஜாமாம். எப்போது பாலிஷ் போட்டாலும் அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிடுவார்களாம்.

“உங்களுடையதும் இருக்கட்டும்” என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. பிழைக்கப் போன ஊரில் நமக்கு இடம் கொடுப்பார்கள், சரி. நாம் கொட்டிய கறைக்கும் இடம் கொடுப்பார்களா?

வீடியோவில், அதே ஹாலில், பேத்தி புரண்டு எழுந்தாள். காலடியில் மங்கலாக, சிவப்பாக... “இருக்குதுங்க!” என்று மனைவி கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கோயிலில் பேத்தியின் பேர், நட்சத்திரம் சொல்லி முடித்த மனைவி, அர்ச்சனைத் தட்டை விடவில்லை.

“அப்படியே இன்னொரு பேரு சாமி. ஃபிராங்க்... நட்சத்திரம் தெரியாது. நல்ல மனுசன்.”