புளி போட்டுத் துலக்கிய பொத்தான்

மண்ணுக்குள் நூறு வருஷம் பத்திரமாகக் கிடந்த ஒரு பித்தளைப் பொத்தானைப் பத்தே நிமிஷத்தில் கெடுத்த மடையன் நான். புளி போட்டுக் கெடுத்தேன். உப்பும் ஒரு சிட்டிகை சேர்த்தேன். எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யக்கூடாது என்பது என் கொள்கை.

எண்பதுகளின் நடுவில் டெக்ஸாஸில், சுகர் லேண்டில் இருந்தேன். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய்களின் கனத்தைக் கணக்குப் போடும் வேலை. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். அப்படிச் செய்தால் மனைவிக்கு விசா வர வரிசையில் நிற்க வேண்டுமாம். முகூர்த்தத்துக்கு ராகு காலம் பார்த்தோம், எமகண்டம் பார்த்தோம், அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு நாள் கழித்து அவளைத் திருச்சியில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

அபார்ட்மென்ட்டில் இரண்டு நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தேன். ஒன்றிலேயே உட்கார்ந்தால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்று வாரம் ஒருமுறை மாறி உட்காருவேன். வாரநாட்களில் பரவாயில்லை, ஆபீசில் நாலு பேர் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார்கள். அதுவாவது உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வாய் திங்கட்கிழமைதான் திறக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் ‘குட் மார்னிங்’ சொல்லப் போய், குரல் தவளை மாதிரி வந்தது. ஜலதோஷமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமைகளில் பொது நூலகத்துக்குப் போவேன். புத்தகத்துக்காக என்று சொன்னால் பொய். அங்கே மனிதர்கள் இருமுவார்கள், தும்முவார்கள், அதைக் கேட்கலாம். அங்கேதான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஆற்றோரத்தில் பழைய கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் குடிசைகள் இருந்த இடம். அங்கே புது வீடுகள் கட்டப் போகிறார்கள். புல்டோசர் வருவதற்கு முன் சனிக்கிழமைதோறும் அகழாய்வு, ஆட்கள் தேவை, அனுபவம் தேவையில்லை. என் தகுதிக்கு ஏற்ற மாதிரி நான் அமெரிக்காவில் பார்த்த முதல் விளம்பரம்.

அகழாய்வு என்றால் எனக்குத் தெரிந்தது கடப்பாரை. மண்ணை வெட்டினால் ஏதாவது கிரீடம், குறைந்தபட்சம் ஒரு வாள். இஸ்திரி போட்ட பேன்ட்டும் ஆபீஸ் ஷூவுமாகப் போய் நின்றால், தரையில் நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரிடையரான நாலைந்து பேர் மண்டி போட்டுக்கொண்டு கொத்தனார் கரண்டியால் தரையை வழிக்கிறார்கள், தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி. நான் ஒரு குழியின் விளிம்பில் நின்று, “என்ன வெயில்டா சாமி” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல்ல லேயர் தெரியல.”

தமிழ்! குழிக்குள் விழாத குறைதான். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் ஆராய்ச்சி செய்கிற பெண் அவள். பன்னிரண்டு வயதில் சென்னையிலிருந்து வந்தவளாம். இந்தக் களத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்கு இருபத்தாறு, எனக்கு முப்பத்து நாலு. அங்கிள் என்றது சுருக்கென்றது. ஆனால் தமிழில் சுருக்கென்று எவ்வளவு நாளாயிற்று என்று மன்னித்துவிட்டேன்.

“இங்க பாருங்க. இந்தச் சுவர்ல மேல சாம்பல் கலர், நடுவுல கருப்பு, கீழ செம்மண். கீழ இருக்கறது முதல்ல விழுந்தது, மேல இருக்கறது அப்புறம். நடுவுல யாராவது குழி தோண்டியிருந்தா ஒழிய இந்த ஆர்டர் மாறாது.”

“எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி.”

“ஏதாவது கண்ணுல பட்டா எடுக்காதீங்க. எந்தச் சதுரம், எவ்வளவு ஆழம், பக்கத்துல என்ன இருக்கு, எல்லாம் எழுதிட்டுத்தான் எடுக்கணும்.”

“ஒரு ஆணிக்கு இவ்வளவு எழுத்தா?”

“தோண்டினதைத் திரும்பத் தோண்ட முடியாது அங்கிள். நாமளே அழிச்சுக்கிட்டே போறோம். மிஞ்சறது நாம எழுதறது மட்டும்தான்.”

நான் அன்று எழுதியதைவிட அழித்தது அதிகம். ஒரு பீங்கான் துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி ஓடினேன். எந்த இடத்தில் இருந்தது என்றாள். அதோ, அந்தப் பக்கம் என்றேன். ஒரு பார்வை பார்த்தாள்.

இருந்தாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். கேலி செய்தார்கள், நானும் செய்தேன். சாண்ட்விச்சைப் பகிர்ந்துகொண்டார்கள், என் எலுமிச்சைச் சாதத்தைக் கண்ணில் நீர் வரத் தின்றார்கள். வாரத்துக்கு ஒரு நாளாவது என்னை எதிர்பார்த்து ஒரு இடத்தில் ஒரு கரண்டி காத்திருந்தது. அந்தச் சனிக்கிழமை போய்விட்டால் எனக்கு வேறு கிழமையே கிடையாது.

கற்ற வித்தையை வீட்டிலும் பிரயோகித்தேன், அது புத்திசாலித்தனம் இல்லை. மனைவியின் ஏரோகிராம் கடிதங்களை வந்த வரிசையில் ஒரு ஷூ டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியிலிருந்து பார்த்தேன். அடியில் கிடந்தவற்றில் பசை ஒட்டுகிற மடிப்பு வரை, ஓரத்தில் குறுக்காகக்கூட எழுத்து. நடுவில் மடிப்பு காலி. மேலே வர வர எழுத்து பெரிதாகி, பாதிப் பக்கத்தில் ‘மற்றவை நேரில்’ என்று முடிந்தது. நடுவில் யாரும் குழி தோண்டியிருக்கவில்லை. டப்பாவை மூடி வைத்தேன்.

ஆறாவது சனிக்கிழமை என் சதுரத்தில், கரி கலந்த கருப்பு மண்ணில், பச்சையாக ஏதோ தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டு, அசையாமல், அவளைக் கூப்பிட்டேன். பொத்தான். அளந்தாள், வரைந்தாள், குறித்தாள், தானே எடுத்து ஒரு காகிதப் பையில் போட்டு, பையை ஒரு பெட்டியில் வைத்தாள். “குட், அங்கிள்” என்றாள். அந்த ஒரு ‘குட்’டை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டலாம்.

அன்று அவள் டல்லஸில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஆய்வுக்கூடம் வார இறுதியில் பூட்டியிருக்கும். “திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் பெட்டி உங்க வீட்ல இருக்கட்டுமா? பத்திரமா வைங்க” என்றாள். அன்று காரை நாற்பது மைல் வேகத்துக்கு மேல் ஓட்டவில்லை. பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டேன். அன்று இரண்டாவது நாற்காலியில் அதுதான் உட்கார்ந்தது.

மறுநாள் மத்தியானம் ரசம் வைத்தேன். புளியைக் கரைத்து ஊற்றிய பிறகு கையில் சக்கை மிஞ்சும். அதை எறியத் தமிழனுக்கு மனசு வராது. கண் தானாகப் பித்தளையைத் தேடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்குகள் எல்லாம் அந்தச் சக்கையில்தான் தங்கமாகும். என் அபார்ட்மென்ட்டில் விளக்கு இல்லை, சொம்பு இல்லை. மொத்த வீட்டிலும் ஒரே ஒரு பித்தளைதான் இருந்தது. திறந்து சும்மா பார்க்கத்தான் எடுத்தேன். பாசி பிடித்த மாதிரி பச்சை. பாவமாக இருந்தது. பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னொரு ‘குட்’ கிடைக்கும் என்று பட்டது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் பையை நானே திறந்து, மந்திரவாதி மாதிரி உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். பொத்தான் சூரியன் மாதிரி மின்னியது. அவள் முகத்தில் எதுவும் மின்னவில்லை.

“என்ன பண்ணீங்க?”

“புளி.”

“என்னது?”

“புளிம்மா. உப்பும் கொஞ்சம்.”

காகிதப் பையைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: பொத்தான் வளையத்தில் நூல் இருக்கிறது, ஈரம் படக்கூடாது. முன்பக்கம் எண்ணைப் பார்த்தவன் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

“அந்தப் பச்சைதான் நூலைக் காப்பாத்தி வெச்சிருந்தது. துணி மக்கிடும், பித்தளைக் களிம்புல ஒட்டின நூல் மட்டும் நிக்கும். அவங்க என்ன துணி போட்டாங்க, பருத்தியா, கம்பளியா, யாரும் எழுதி வைக்கல. அந்த ஆளுங்க பேரையே எழுதி வைக்கல. அந்த ஒரு நூல்தான் இருந்தது.”

“பொத்தான் பின்னாடி இருக்கற எழுத்து இப்ப நல்லாத் தெரியுதேம்மா...”

“எக்ஸ்ரேல தெரிஞ்சிருக்கும்.”

என் சமையலறைத் தொட்டி ஞாபகத்துக்கு வந்தது. பச்சைத் தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் போனதை நின்று ரசித்திருந்தேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. ஒரு படிவத்தை எடுத்து வைத்து, கேள்வி கேட்க ஆரம்பித்தாள். எத்தனை நிமிஷம்? கையாலா, பிரஷ்ஷாலா? எவ்வளவு உப்பு? எந்தத் தண்ணி? பொருளுக்கு என்ன செய்தாலும் யார் செய்தது, எப்படிச் செய்தது என்று எழுதியாக வேண்டும், செய்தது முட்டாள்தனமாக இருந்தாலும். ‘புளி, பத்து நிமிஷம், கட்டைவிரல்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவம் பொத்தானோடு ஆவணக் காப்பகத்தில் என்றைக்கும் இருக்குமாம். அந்தச் சட்டையைப் போட்டவன் பெயர் எங்கேயும் இல்லை. பொத்தானைக் கெடுத்தவன் பெயர் தெளிவான எழுத்தில் இருக்கிறது.

பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். நான் கதவுவரை போனேன். ஜோக் ஏதாவது சொல்லலாம் என்று தேடினேன், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றும் கிடைக்கவில்லை. குரல் மறுபடியும் தவளையாகிவிட்டது.

“சனிக்கிழமை நான் வரலாமாம்மா?”

அவள் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

“மண்ணு தூக்க ஆள் கம்மி.”